அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு மர்மம்: சிறுவர் கதை எழுதப் புதிதாக வருபவர்களுக்கு

சிறுவர்களுக்காக நான் எழுதிய முதல் மர்மக் கதையில் ஒரு பறக்கும் சாவி இருந்தது. மாய அருங்காட்சியகம், காணாமல் போன ஒரு பொருள், தேடி அலையும் இரண்டு குழந்தைகள். கடைசி அத்தியாயத்தில் அந்தச் சாவி தானாகப் பறந்து போய் ரகசிய அறையைத் திறந்துவிடும். எழுதி முடித்த சந்தோஷத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அந்தச் சாவி முதல்லயே பறந்திருக்கலாமே?"

என்னிடம் பதில் இல்லை. பத்து அத்தியாயங்கள் அவளை யோசிக்க வைத்துவிட்டு, அந்த யோசனைக்கு ஒரு பலனும் இல்லாமல் செய்திருந்தேன். கதையைத் தூக்கி ஓரமாக வைத்தேன். அன்றிலிருந்து ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்: இடம் எவ்வளவு வேண்டுமானாலும் மாயமாக இருக்கட்டும், முடிச்சு அவிழ்வது மட்டும் உண்மையான அறிவியலால் அவிழ வேண்டும். கதையில் வந்த தடயத்தைப் பிள்ளை தன் வீட்டில் செய்து பார்த்தால், அங்கேயும் அது அப்படியே நடக்க வேண்டும்.

இந்த வகைக் கதையை எழுத முதன்முறையாக உட்காருபவர்களுக்கு, நான் வேலை செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன். ஒரே கதையை எடுத்துக்கொண்டு அதை வைத்தே விளக்குகிறேன். அதில் ஜெனிக்கு 11 வயது, அவள் தம்பி அப்புவுக்கு 8.

முதலில் போய்ப் பாருங்கள்

எழுதுவதற்கு முன்பு ஏதாவது ஓர் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு இரண்டு தடவை போய் வாருங்கள். முதல் தடவை எல்லாரையும் போலச் சுற்றிப் பாருங்கள். இரண்டாவது தடவை காட்சிப் பொருள்களை விட்டுவிட்டு, அங்கே வரும் குழந்தைகளை மட்டும் கவனியுங்கள். எந்தப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள், எந்தக் கண்ணாடிப் பெட்டியில் மூக்கு பதிந்த தடம் இருக்கிறது, எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கதைக்கு உதவப் போவது இந்தக் குறிப்புகள்தான். அட்டையில் அச்சடித்திருக்கும் விளக்கத்தை எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

பூட்டிய கதவுகளையும் எண்ணி வையுங்கள். பெரும்பாலான அருங்காட்சியகங்களில் பார்வைக்கு வைத்திருப்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கிடங்கில் கிடக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவு எண் உண்டு. பொருளின் அடியிலோ பின்புறத்திலோ சிறிதாக எழுதியிருப்பார்கள். பதிவேட்டில் எண் இருக்கிறது, பொருளைக் காணோம். இல்லை, பொருள் இருக்கிறது, எண்ணைக் காணோம். இரண்டில் எதை எடுத்தாலும் ஒரு கதை கிடைத்துவிடும்.

தொட்டு விளையாட விடுகிற அருங்காட்சியகமாக இருந்தால் இன்னும் நல்லது. ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரடோரியம் அப்படிப்பட்டது. அங்கேயும் வேறு பல இடங்களிலும் 'நிழல் சுவர்' என்று ஒன்று உண்டு. ஒளியை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல உமிழும் பூச்சு அந்தச் சுவரில் இருக்கும். அதன் முன்னால் நின்று பிளாஷ் அடித்தால், ஆள் நகர்ந்த பிறகும் நிழல் மட்டும் கொஞ்ச நேரம் சுவரிலேயே நிற்கும். திருடன் போய்விட்டான், அவன் நிழல் இருக்கிறது! இதைவிட நல்ல அத்தியாயத் தொடக்கம் யாருக்குக் கிடைக்கும்?

மாயத்துக்கு ஒரே ஒரு விதி

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில். டைனோசர் எலும்புக்கூடு நடக்கும், ஓவியம் பேசும், கோள்கள் கூரையிலிருந்து இறங்கி வரும் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுவிடுகிறோம். எதுவும் நடக்கலாம் என்று ஆகிவிட்டால் துப்பறிய ஒன்றுமே மிச்சமில்லை. என் சாவி பறந்ததும் அப்படித்தான்.

ஒரே ஒரு மாயம் போதும். அதற்கு ஒரு விதி வேண்டும், அந்த விதியைக் கடைசிவரை மீறக் கூடாது. முடிந்தால் அந்த விதியை உண்மையான ஒரு கருவியோடு கட்டிப்போடுங்கள்.

நான் ஃபூக்கோ ஊசலை எடுத்துக்கொண்டேன். 1851-இல் லியோன் ஃபூக்கோ பாரிஸின் பாந்தியோன் கட்டடத்தில் 67 மீட்டர் நீளக் கம்பியில் 28 கிலோ எடையுள்ள குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். குண்டு ஆடும் திசை தரையைப் பொறுத்து மெல்லத் திரும்பிக்கொண்டே போனது. பூமி சுழல்வதைக் கண்ணால் பார்க்க முடிகிற ஏற்பாடு அது. இன்றைக்குப் பல அருங்காட்சியகங்களில் ஊசலைச் சுற்றிச் சிறு குச்சிகளை நட்டு வைத்திருப்பார்கள். திசை திரும்பத் திரும்ப குண்டு ஒவ்வொரு குச்சியாகத் தட்டி விழவைக்கும். குச்சி விழுகிற அந்த நொடிக்காகப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நிற்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கதையின் மாய விதி இதுதான்: ஒவ்வொரு குச்சி விழும்போதும் அருங்காட்சியகத்தின் அரங்குகள் இடம் மாறிக்கொள்ளும். இப்போது விண்கல் அரங்குக்குப் பக்கத்தில் பாலை அரங்கு இருக்கிறது. டக்கென்று ஒரு குச்சி விழுகிறது. கதவைத் திறந்தால் அங்கே ஆழ்கடல் அரங்கு!

இதற்கு மேல் ஒரு மாயமும் கிடையாது. மற்றதெல்லாம் கணக்கு. ஊசல் ஒரு முழுச் சுற்று திரும்ப எடுக்கும் நேரம் இடத்துக்கு இடம் மாறும். துருவத்தில் ஏறக்குறைய 24 மணி நேரம். நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது. நடுவில் உள்ள இடங்களுக்கு, 24-ஐ அந்த இடத்து அட்சரேகையின் சைன் மதிப்பால் வகுத்தால் கிடைக்கும். 30 டிகிரியில் 48 மணி நேரம், 10 டிகிரியில் சுமார் 138 மணி நேரம். என் அருங்காட்சியகத்தை 30 டிகிரியில் வைத்தேன். பாதி வட்டத்தில் மட்டும் 24 குச்சிகளைச் சம இடைவெளியில் நட்டேன். அப்படியானால் மணிக்கு ஒரு குச்சி விழும். ஊசல் கடிகாரமாகிவிட்டது, அந்தக் கடிகாரத்தைப் படிக்க அப்புவால்கூட முடியும்.

ஏன் பாதி வட்டம் என்று கேட்கலாம். குண்டு இரண்டு பக்கமும் போகிறதே, முழு வட்டத்திலும் நட்டால் எதிரெதிரே இரண்டு குச்சிகள் விழும். முதலில் நான் முழு வட்டமாகத்தான் எழுதியிருந்தேன். ஒரு நூலில் சாவிக்கொத்தைக் கட்டி ஆட்டிப் பார்த்தபோதுதான் தவறு தெரிந்தது. இப்படிப்பட்ட விவரங்களை மேசையில் வைத்துச் செய்து பாருங்கள், தலைக்குள் மட்டும் ஓட்டிப் பார்த்தால் தப்பிப் போகும்.

காணாமல் போனது என்ன, ஏன்

வைரம், கிரீடம் எல்லாம் வேண்டாம். அறிவியல் அருங்காட்சியகத்துக்கென்றே சில பொருள்கள் இருக்கின்றன. திருட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை, போலியும் நல்ல மர்மம். 1912-இல் இங்கிலாந்தில் பில்ட்டவுன் என்ற இடத்தில் ஆதிமனிதனின் மண்டையோடு கிடைத்ததாக அறிவித்தார்கள். மனித மண்டையோட்டோடு ஒராங்குட்டான் தாடையைச் சேர்த்து, பற்களை அரத்தால் தேய்த்து, சாயம் ஏற்றிய போலி அது என்று 1953-இல்தான் நிரூபணமானது. 41 ஆண்டுகள்! இதைச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளையின் கண் விரிவதைப் பாருங்கள். 1638-இல் டென்மார்க்கின் ஓலே வோர்ம், அன்று எல்லாரும் ஒற்றைக் கொம்புக் குதிரையின் கொம்பு என்று நம்பியிருந்தது நார்வால் என்ற கடல் விலங்கின் தந்தம் என்று காட்டினார். தன் வீட்டிலேயே அருங்காட்சியகம் வைத்திருந்தவர் அவர். அதுவும் துப்பறிதல்தான்.

என் கதையில் காணாமல் போனது ஓர் இரும்பு விண்கல். அது இருந்த இடத்தில், அச்சு அசலாக அதேபோல் ஒரு பிசின் வார்ப்பு இருக்கிறது. பெரியவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பொருளைத் தேர்ந்தெடுத்ததும் காரணத்தைத் தேடுங்கள். பணத்துக்காகத் திருடினான் என்று எழுதுவது சுலபம், பிள்ளைகளுக்கு அதில் சுவாரசியம் குறைவு. பொருளின் குணத்திலிருந்தே காரணத்தைப் பிறக்க வையுங்கள். இரும்பு விண்கல்லுக்கு எது கெடுதல்? ஈரம். துருப்பிடிக்கும். அப்படியானால், அது துருப்பிடிப்பதைத் தாங்கமுடியாத ஒருவர் எடுத்து ஒளித்து வைத்திருக்கலாம் இல்லையா? கருவிக் கூடத்துத் தாத்தா அப்படித்தான் கதைக்குள் வந்தார். அந்த அரங்கில் ஈரம் ஏறுகிறது என்று மூன்று கடிதங்கள் எழுதினார், யாரும் பதில் போடவில்லை. பார்வையாளர்கள் ஏமாறக் கூடாதே என்று வார்ப்பை வைத்துவிட்டு, அசலை உலர்ந்த பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டார். செய்தது தவறுதான். ஆனால் ஜெனிக்கும் அப்புவுக்கும் அவரைக் காட்டிக்கொடுக்க மனம் வராது. அந்தத் தவிப்புதான் கடைசி இரண்டு அத்தியாயங்கள்.

கடைசியிலிருந்து பின்னோக்கி

இப்போது ஒரு பெரிய தாளை எடுத்து, உண்மையில் நடந்ததை நேர வரிசையில் எழுதுங்கள். கதை இல்லை, வெறும் நடப்பு. இரவு 7 மணிக்குத் தாத்தா ஊசலை நிறுத்துகிறார், ஏனென்றால் விண்கல் அரங்கும் அவருடைய கூடமும் பக்கத்தில் இருக்கிற நேரம் அது, வேலை முடியும்வரை அவை நகரக் கூடாது. 10 மணிக்கு ஊசலை மறுபடி ஓடவிடுகிறார். இந்தத் தாள் கையில் இல்லாமல் முதல் அத்தியாயத்தைத் தொடவே தொடாதீர்கள்.

அதன் பக்கத்தில், ஒவ்வொரு செயலும் விட்டுச்சென்ற தடயத்தை எழுதுங்கள். எனக்குக் கிடைத்தவை இவை.

ஊசல். மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணிக்குள் 12 குச்சிகள் விழுந்திருக்க வேண்டும். ஜெனி எண்ணிப் பார்க்கிறாள், 9தான் விழுந்திருக்கின்றன. மூன்று மணி நேரம் யாரோ ஊசலைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஏழு வயதுக்கு மேற்பட்ட எந்தப் பிள்ளையும் இந்தக் கழித்தலைச் செய்துவிடும். அது செய்துவிட வேண்டும், அந்த வெற்றி அதனுடையது.

கருகிய நூல். தரையில் விரல்கடை நீளத்துக்கு ஒரு நூல் துண்டு, ஒரு முனை கருகியிருக்கிறது. குண்டைக் கையால் விட்டால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளிவிடுவோம், ஊசல் நேர்கோட்டில் ஆடாது. அதனால் ஃபூக்கோ குண்டை நூலால் ஓரமாக இழுத்துக் கட்டி, அந்த நூலை எரித்துத்தான் ஊசலைத் தொடங்கினார். ஆக, அந்த இரவில் வந்தவர் கருவிகளை நேசிக்கும் ஒருவர். அவசரத்தில்கூட முறைப்படிதான் செய்திருக்கிறார். ஒரு நூல் துண்டு ஓர் ஆளின் மனதையே காட்டிவிடுகிறது. இந்தத் தடயத்தைக் கண்டுபிடித்த நாளில் நான் எழுதவே இல்லை, வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன்.

திசைகாட்டி. விண்கல் பக்கத்தில் ஒரு பழைய கப்பல் திசைகாட்டி இருக்கிறது. இரும்பு இழுப்பதால் அதன் ஊசி எப்போதும் விண்கல்லைப் பார்த்தபடியே நிற்கும், பிள்ளைகள் அதற்கு 'பொய் ஊசி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திருட்டுக்கு மறுநாள் ஊசி வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. பிசினுக்கு ஏது இழுப்பு? எப்போதும் தப்பாக இருந்த ஒன்று திடீரென்று சரியாகிவிட்டது என்பது நல்ல தடயம், பெரியவர்கள் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். 'ஊசி இப்போது நுழைவாசலைக் காட்டுகிறது' என்றுதான் முதலில் எழுதினேன். அரங்குகள்தான் இடம் மாறுகின்றனவே, எந்த வாசல்? மாய விதியும் தடயமும் ஒன்றையொன்று வெட்டாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் இப்படி உரசிப் பார்க்க வேண்டும்.

முடி. 1783 வாக்கில் சுவிட்சர்லாந்தின் ஒராஸ் தெ சொசூர் மனிதத் தலைமுடியை வைத்து ஈரப்பதம் அளக்கும் கருவி செய்தார். ஈரம் ஏறினால் முடி நீளும், உலர்ந்தால் சுருங்கும். அருங்காட்சியகங்களில் நெடுங்காலம் இதே தத்துவத்தில் ஒரு பதிவுக் கருவி இருந்தது: மெல்லச் சுழலும் உருளை, அதில் சுற்றிய கட்டம் போட்ட தாள், முடிக்கற்றை அசைவதற்கேற்ப மேலும் கீழும் போகும் பேனா முள். வாரத்துக்கு ஒரு தாள். விண்கல் அரங்கின் மூலையில் அது இருக்கிறது. பிள்ளைகள் முதலில் இந்த வாரத் தாளை மட்டும் பார்க்கிறார்கள், அதில் ஒன்றும் தெரியவில்லை. எட்டாவது அத்தியாயத்தில் பழைய தாள்கள் கிடைக்கின்றன. வரிசையாகத் தரையில் பரப்பினால் மைக்கோடு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறுகிறது. 'ஏன்' என்ற கேள்விக்கான பதில் அந்தக் கோட்டில் இருக்கிறது.

வெப்பக் கேமரா. இது திசைதிருப்பும் தடயம். இரவுக் காவலர், "11 மணிக்கு வெப்பக் கேமராவில் பார்த்தேன், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நெட்டையாக ஒரு ஆள் நின்றான்" என்கிறார். சாதாரணக் கண்ணாடி வெப்பக் கதிரை விடாது. நம் கண்ணுக்கு ஊடுருவித் தெரிகிற கண்ணாடி அந்தக் கேமராவுக்குச் சுவர் மாதிரி. காவலர் பொய் சொல்கிறார், தூங்கிப் போனதை மறைக்க. பிள்ளைகள் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? இரண்டாம் அத்தியாயத்திலேயே அவர்கள் அந்தக் கேமராவோடு கண்ணாமூச்சி விளையாடியிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போனதும் அப்பு திரையிலிருந்து மறைந்துவிட்டான், மெல்லிய கறுப்பு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நின்றபோது பளிச்சென்று தெரிந்தான்.

தடயத்தை நடும் வித்தை இதுதான். முதலில் அதை விளையாட்டாகக் காட்டிவிடுங்கள். சிரிக்கும்போது படித்ததைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள், ஆனால் அது தடயம் என்று சந்தேகப்படவும் மாட்டார்கள்.

இன்னொன்று: ஒரு தடயம் தனியாக நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது. குச்சிகள் 'மூன்று மணி நேரம்' என்று மட்டும் சொல்கின்றன, எப்போதிருந்து என்று சொல்லவில்லை. அதற்கு வேறொன்று வேண்டும்.

தமிழிலேயே ஒரு சங்கேதம்

வேறு மொழிகளில் எழுத்துகளை ஓரிரண்டு இடம் தள்ளி எழுதும் சங்கேதம் பிரபலம். தமிழில் அதை அப்படியே செய்தால் படிக்கவே முடியாத குப்பைதான் வரும். நம் எழுத்துக்கு நம் இலக்கணத்திலேயே அருமையான சங்கேதம் இருக்கிறது. வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, ஒவ்வொன்றுக்கும் ஓர் இணை: க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன. இணைகளை மாற்றிப் போடுங்கள். உயிரெழுத்தையும் இடையினத்தையும் தொடாதீர்கள்.

'மணி' என்று எழுதிப் பாருங்கள். ம போய் ப வரும், ண போய் ட வரும்: 'படி'. 'மாலை' போய் 'பாலை' வரும். 'நாளை' போய் 'தாளை' வரும். 'ஏழு' அப்படியே இருக்கும்.

கதையில், தாத்தாவின் குப்பைக் கூடையில் ஒரு சீட்டு கிடைக்கிறது:

தாளை பாலை படி ஏழு

பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? பாலை அரங்கில் ஏழாவது படியில் ஒரு தாள் இருக்கிறது! ஓடுகிறார்கள். அரங்கு இடம் மாறிவிடுகிறது, தேடிப் பிடிக்கிறார்கள், ஏழாவது படியைத் தட்டிப் பார்க்கிறார்கள், மணல்தான் கொட்டுகிறது. ஓர் அத்தியாயம் முழுக்க வீண் அலைச்சல். அன்று ராத்திரி அப்பு பாடம் ஒப்பிக்கிறான்: "கசடதபற வல்லினம், ஙஞணநமன மெல்லினம்..." நடுவில் நின்றுவிடுகிறான். சீட்டை வாங்கி எழுத்து எழுத்தாக மாற்றி எழுதுகிறான்.

நாளை மாலை மணி ஏழு.

தாத்தா தன் பள்ளித் தோழிக்கு எழுதிய சீட்டு அது. விண்கல்லுக்கு மரப்பெட்டி செய்து தந்த பாட்டி அவர். மணி ஏழு, கூட மூன்று மணி நேரம்: குச்சிக் கணக்கும் சீட்டும் இங்கே வந்து கைகோக்கின்றன. 11 மணிக்குப் பார்த்தேன் என்ற காவலரின் கதையும் இங்கேயே உடைகிறது.

இப்படிச் சொற்களைத் தேடுவது ஒரு தனி இன்பம். பனை-மறை, மனை-பறை, நாள்-தாள், மை-பை, தீ-நீ. ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தால் உங்களுக்கே இன்னும் பல கிடைக்கும்.

ஆட்கள்

இரண்டு பிள்ளைகள், மூன்று பெரியவர்கள் போதும். பிள்ளைகளில் ஒருத்தி எண்ணுபவள், ஒருவன் தொட்டுப் பார்ப்பவன் என்று குணத்தைப் பிரித்து வையுங்கள். மூத்தவளே எல்லாவற்றையும் கண்டுபிடித்தால், தம்பியாகவோ தங்கையாகவோ பிறந்த வாசகர்கள் மனம் வாடும். சங்கேதத்தை அப்புவிடம் விட்டது அதனால்தான்.

பெரியவர்களை முட்டாளாக்காதீர்கள். அவர்கள் வேலையில் மூழ்கியவர்கள், அவசரக்காரர்கள், அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்த பிறகு

எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு என்றால் 12 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஆயிரம் சொல் என்பது புதியவர்களுக்கு வசதியான அளவு. ஒரே மூச்சில் வாய்விட்டுப் படித்து முடிக்கலாம். விவரிப்பை எளிய எழுத்துத் தமிழிலும் உரையாடலைப் பேச்சுத் தமிழிலும் வைக்கிறேன். "நீ அதைக் கண்டாயா?" என்று எந்த எட்டு வயதுப் பையனும் அக்காவிடம் கேட்பதில்லை. "அத பாத்தியா?" என்றுதான் கேட்பான்.

கலைச்சொல்லை முதலில் வீசாதீர்கள். பொருளைக் காட்டுங்கள், அது என்ன செய்கிறது என்று காட்டுங்கள், அப்புறம் பெயரைச் சொல்லுங்கள். 'ஈரப்பதப் பதிவுக் கருவி' என்று தொடங்கினால் கண் அடுத்த வரிக்குத் தாவிவிடும். 'ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் யாருடைய தலைமுடியோ விறைப்பாகக் கட்டியிருந்தது' என்று தொடங்கினால் பெயர் என்ன என்று பிள்ளையே கேட்கும்.

அப்புறம் முக்கியமான ஒன்று, இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பிள்ளைகள் செய்து பார்ப்பார்கள். செய்து பார்க்கட்டும் என்றுதானே எழுதுகிறோம்? அதனால் அவர்கள் கையால் செய்கிற எதிலும் நெருப்பு, பாதரசம், உயர் மின்னழுத்தம், அமிலம் வேண்டாம். காந்தம், கண்ணாடி, நூல், நிழல், முடி போன்றவையே வற்றாத சுரங்கம். என் கதையில் கருகிய நூலை அவர்கள் கண்டெடுக்க மட்டும்தான் செய்கிறார்கள், அவர்கள் பார்க்க யாரும் அதைப் பற்றவைப்பதில்லை. அசல் விண்கல்லை உறுதி செய்வதும் அப்படியே. அறுத்து மெருகிட்டு அமிலத்தால் அரித்த முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் தெரியும். விட்மன்ஸ்டாட்டன் கோலம் என்பார்கள். விண்வெளியில் பல லட்சம் ஆண்டுகள் மெல்லக் குளிர்ந்ததால் உண்டானது அது. அரிக்கும் வேலை எப்போதோ ஆய்வகத்தில் முடிந்துவிட்டது. ஜெனி டார்ச்சைச் சாய்த்துச் சாய்த்துப் பிடிக்கிறாள், அவ்வளவுதான். ஒரு பட்டை மின்னும்போது பக்கத்துப் பட்டை மங்குகிறது, வெளிச்சம் நகர்ந்ததும் மங்கியது மின்னுகிறது. வார்ப்பில் வரைந்திருந்த கோலம் இப்படிக் கண்சிமிட்டவில்லை.

படித்துக் காட்டும் நாள்

முதல் வரைவு முடிந்ததும் நான்கைந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்களே படியுங்கள். படிக்கும்போது உங்கள் கண் தாளில் மட்டும் இருக்கக் கூடாது. யாருடைய கால் ஆடத் தொடங்குகிறது, எந்த வரியில் யார் முன்னால் சாய்கிறார்கள் என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டே போங்கள்.

மர்மம் அவிழும் அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்துங்கள். ஆளுக்கொரு சீட்டு கொடுத்து, யார் செய்தது, எப்படித் தெரியும் என்று எழுதச் சொல்லுங்கள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்றால் தடயத்தை ஆழமாகப் புதைத்துவிட்டீர்கள். பாதி வழியிலேயே எல்லாரும் கண்டுபிடித்துவிட்டால் ஏதோ ஒரு தடயம் சீக்கிரம் வந்துவிட்டது, அதை இரண்டு அத்தியாயம் பின்னால் தள்ளுங்கள். ஒன்றிரண்டு பேர் சரியாக எழுதி, மற்றவர்கள் பதிலைக் கேட்டதும் "ஐயோ, ஆமா!" என்று தலையில் தட்டிக்கொண்டால் கதை சரியான பதத்தில் இருக்கிறது.

விண்கல் கதையைப் படித்த அன்று பறக்கும் சாவிப் பெண்ணும் வந்திருந்தாள். குற்றவாளி தாத்தா என்று சரியாகவே எழுதியிருந்தாள். ஆனால் தலைமுடி நீளும் என்பதை நம்பவில்லை. மறுநாள் ஓர் அட்டையோடு வந்தாள். சோப்பு போட்டுக் கழுவிய தன் நீண்ட முடி ஒன்றின் ஒரு முனையை மேலே ஒட்டி, மறுமுனையைக் குண்டூசியில் சுழலும் ஒரு காகித முள்ளில் கட்டியிருந்தாள். முள் நின்ற இடத்தில் பென்சில் குறி. அட்டையைக் குளியலறைக்குள் கொண்டுபோய், வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஆவி நிறையும்வரை இருவரும் காத்திருந்தோம். முள் குறியை விட்டு மெல்லக் கீழே இறங்கியது. வெளியே கொண்டுவந்து மின்விசிறிக்குக் கீழே வைத்தோம், கொஞ்ச நேரத்தில் திரும்ப ஏறி வந்துவிட்டது. அவள் இரண்டாவது குறியையும் போட்டுக்கொண்டு, "சரி, அந்த அத்தியாயத்த மாத்த வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.